களரியும் காணொளியும்: வன்னிநாட்டுக் கதைப்பாடல் மரபு பற்றிய ஓர் ஆய்வு

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் ஒடுங்கிய நிலவாயில் ஆனையிறவு ஆகும். இருமருங்கும் கடனீரேரி சூழ்ந்த இவ்விடத்திற்குப் பெயர் வந்த காரணம் வெளிப்படை. வன்னிக்காடுகளிற் பிடிக்கப்பெற்ற யானைகள் இவ்வாழமற்ற நீர்ப்பரப்பைக் கடந்தே குடாநாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஒல்லாந்தர் தம் ஆட்சிக்காலத்தில் இங்குக் காவற்கோட்டை அமைத்தனர். வன்னிமைகளிடமிருந்து அவர் பெற்ற திறையும் பெரும்பாலும் யானைகளாகவே இருந்தது. யானை ஏற்றுமதியின் மறுமுனையாகிய ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர் யானைத்துறை என்னும் பொருள்படத் தம் மொழியில் வழங்கினர்.

இவ்வழியாகச் சென்றவை யானைகள் மட்டுமல்ல. உப்பும் நெல்லும் சென்றன. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் நோக்கி நடக்கும் அடியார் கூட்டங்கள் வன்னிநிலத்தை ஊடறுத்துச் சென்றன. அண்ணாவிமாரும் நாடகக்காரரும் சென்றனர். 1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவெய்தியபின் இப்போக்குவரவு பெருகிற்று. ஆகவே, கதையைப் பாட்டாலும் ஆட்டத்தாலும் காட்டும் கலை இந்நிலத்தில் எவ்வாறு வேரூன்றிற்று என்பதையும், அக்கலையின் வழக்குகள் இக்காலத்துக் காணொளிப் பாடல்வரை எங்ஙனம் தொடர்ந்தன, எங்ஙனம் திரிந்தன என்பதையும் ஆராய்தல் பயனுடைத்தாகும்.

காணொளிப் பாடல் என்பது நான்கைந்து நிமிட நேரத்துள் ஒரு பாட்டையும் அதற்கியைந்த காட்சியையும் சேர்த்துத் தரும் வடிவம். மேனாட்டில் 1975இல் குயீன் குழுவினர் தம் பாடலொன்றிற்கு அமைத்த ஒளிப்பதிவும், 1981ஆம் ஆண்டு ஓகத்து முதலாம் நாள் அமெரிக்காவிற் தொடங்கப்பெற்ற எம்.டி.வி. தொலைக்காட்சியும் இவ்வடிவத்தின் பெருவளர்ச்சிக்குக் காரணமாயின. இது முற்றிலும் புதியதொரு பிறப்பென்றே பலர் கருதுவர். கருவி புதிது என்பது உண்மை. ஆனால் பாட்டு முன்செல்ல உடல் பின்தொடர்ந்து கதை கூறும் முறை தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடைய ஆடரங்கினை விளக்குகின்றது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளையும் கூறுகின்றது. வேட்டுவ வரியும் ஆய்ச்சியர் குரவையும் ஆடலும் பாடலும் கதையின் உறுப்பாகவே இயங்கின என்பதற்குச் சான்றாவன.

அச்சிலப்பதிகாரக் கதையே வன்னியிற் கோயில் வழிபாடாக வாழ்கின்றது. முல்லைத்தீவுக்கு அண்மையிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசித் திங்களிற் பொங்கல் விழா நடைபெறும். கடனீர் கொண்டுவரப்பட்டு, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்நீரில் விளக்கெரிக்கப்பட்டு, பின்னர் வற்றாப்பளைக்கு எடுத்துச் செல்லப்படும். கண்ணகியின் வரலாற்றைப் பாடும் ‘சிலம்பு கூறல்’ இவ்வழிபாட்டு மரபைச் சார்ந்தது. இதில் ஆட்டமோ வேடமோ இல்லை. குரலும் கேட்போரும் மட்டுமே உண்டு. எனினும் மூன்று இன்றியமையாப் பண்புகள் இங்கேயே அமைந்துவிடுகின்றன. ஒன்று, கதையின் முடிவு கேட்போர் அனைவர்க்கும் முன்னரே தெரியும். இரண்டு, அதனால் முழுக் கதையையும் ஒரே சீராகக் கூறவேண்டிய தேவை இல்லை. உணர்ச்சி மிக்க இடங்களில் நின்று, ஏனைய இடங்களை விரைந்து கடக்கலாம். மூன்று, கூறுவோனும் கேட்போனும் ஒரே நம்பிக்கையினுள் நிற்கின்றனர்.

இரண்டாவது வடிவம் ஒப்பாரி. வேலப்பணிக்கன் ஒப்பாரி எனும் கதைப்பாடல் வன்னிமக்களிடையே வழங்குவது. பணிக்கர் என்போர் யானை பிடிப்பதில் வல்லவர். எவராலும் பிடித்தற்கரியதாய்த் திரிந்த கொம்பன் யானையொன்றை வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை பிடித்துக் கொணர்ந்தாள் என்பதும், அப்புகழைப் பொறாதார் அவளை நஞ்சூட்டிக் கொன்றனர் என்பதும் குமுளமுனையோடு சார்த்தி வழங்கும் கதையாகும். ஆனையிறவின் பெயருக்குக் காரணமான அதே யானைத் தொழிலே இக்கதைக்கும் களம். ஒல்லாந்தரின் கணக்கேடுகளில் யானைகள் எண்ணாக நின்றன. அவற்றைப் பிடித்தவர்களின் வீரமும் பொறாமையும் துயரமும் ஒப்பாரியில் நின்றன. ஏடெழுதியோர் விட்டதைப் பாட்டுக் காத்தது எனலாம்.

ஒப்பாரியின் வழக்கு கவனிக்கத்தக்கது. இறந்தவரை முன்னிலைப்படுத்தி நேரே விளித்துப் பாடுவதாக அது அமையும். கதை வரிசைமுறையிற் செல்லாது, நினைவு செல்லும் வழியிற் செல்லும். இப்பண்பு பின்னர்க் கூறப்படும் காணொளிப் பாடலொன்றை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும். அரியாத்தையின் கதையை அருணா செல்லத்துரை ‘வேழம் படுத்த வீராங்கனை’ என்னும் பெயரில் முல்லைமோடி நாட்டுக்கூத்தாக எழுதினார். முல்லைத்தீவு மண்ணைச் சேர்ந்த அவர் இலங்கை ஒலி ஒளிபரப்புத் துறையிற் பணியாற்றியவர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பழைய கதைப்பாடல், கூத்து, ஒளிபரப்பு என்னும் மூன்றும் தொடர்பற்றன அல்ல என்பதற்கு அவர்தம் பணி எடுத்துக்காட்டாகும்.

மூன்றாவதும் தலையாயதுமான வடிவம் கூத்து. ஈழத்துக் கூத்துகள் மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்றும், மன்னாரில் வடபாங்கு, தென்பாங்கு என்றும் வகுத்துரைக்கப்படும். முல்லைத்தீவுப் பகுதிக் கோவலன் கூத்தின் ஆட்டப்பாங்கை முல்லைமோடி என்பர். இவற்றுடன் சிந்துநடையில் அமைந்த காத்தவராயன் கூத்து வடபகுதி முழுவதிலும் அம்மன் கோயில்களை ஒட்டி நேர்த்தியாக ஆடப்பட்டு வந்துள்ளது. முத்துமாரியின் மகனாகிய காத்தான் ஆரியமாலையை அடைதற்பொருட்டுப் பல சோதனைகளுக்கு உட்பட்டு, இறுதியிற் கழுமரம் ஏறும் கதை அது.

இக்கூத்துகளின் அரங்கு வழக்குகளைத் தொகுத்து நோக்கின் அவை தற்செயலாக அமைந்தன அல்ல என்பது புலனாகும். முதலிற் காப்பு, பின் கட்டியக்காரன் வரவு, அதன்பின் ஒவ்வொரு பாத்திரமும் தன் வரவுப் பாட்டுடன் களரியிற் புகும். வெள்ளைத்திரை பிடிக்க அதன் பின்னின்று தோன்றும் பாத்திரம், தான் இன்னான் என்பதைப் பிறர் கூறுவதுபோலப் படர்க்கையிற் பாடித் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். கரப்புடுப்பு அணிந்தவன் யார், வில்லுடுப்பு அணிந்தவன் யார் என்பது உடையாலேயே தெரியும். களரியை ஒருமுறை சுற்றிவருதல் நாடு கடந்து செல்லும் நெடும்பயணத்தைக் குறிக்கும். நடிகன் ஓர் அடியைப் பாடியதும் பிற்பாட்டுக்காரர் அதனை ஏற்றுப் பாடுவர். அந்நேரத்தில் அவன் ஆடுவான். மத்தளமும் சல்லரியும் ஒலிக்க, அண்ணாவியார் தாளக்கட்டுகளைச் சொல்லி அனைத்தையும் நடத்துவார்.

காத்தவராயன் கூத்தில் மற்றுமொரு சிறப்பு உண்டு. பாத்திரங்கள் தத்தமக்குரிய மெட்டினாலே அறியப்படும். மெட்டு மாறியதும் யார் வருகின்றார் என்பது அரைத்தூக்கத்தில் இருக்கும் சிறுவர்க்குங்கூடத் தெரிந்துவிடும். காத்தானின் வெவ்வேறு பருவங்களை வெவ்வேறு நடிகர் ஆடுவர். உடல் மாறினும் பாத்திரம் மாறுவதில்லை. பாட்டே பாத்திரத்தின் அடையாளம். ஊரவர் பலர் அப்பாடல்களை மனப்பாடமாக அறிவர். நடிகனோடு சேர்ந்து பாடவுஞ் செய்வர்.

இவ்வழக்குகளைக் காணொளிப் பாடலின் வழக்குகளோடு ஒப்பிடுக. பாடகன் கமராவை நேரே நோக்கித் தன் பெயரையும் ஊரையும் பாட்டினுள்ளே கூறுதல் வரவுப் பாட்டை ஒத்தது. பல்லவி மீண்டும் மீண்டும் வருதலும் பின்னணிக் குழு அதனை ஏற்றுப் பாடுதலும் பிற்பாட்டின் தொழிலைச் செய்கின்றன. ஒரு காட்சியிலிருந்து மறு காட்சிக்கு நொடியில் தாவும் படத்தொகுப்பு, களரியைச் சுற்றிவரும் அந்த ஒரு சுற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பாடும் குரலும் ஆடும் உடலும் வேறாதல் திரைப்படத்தால் வந்த புதுமை என்று கூறுவர்; பிற்பாட்டுக்காரன் பாட நடிகன் ஆடிய அளவில் அதன் வித்துக் கூத்திலேயே இருந்தது.

எனினும் கூத்திலிருந்து காணொளிக்கு நேர்வழி ஒன்றில்லை. இடையே பல படிகள் உள. முதற்படி இசைநாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலியோரால் தமிழகத்தில் வளர்க்கப்பெற்ற இந்நாடகங்கள் கடல் கடந்து ஈழத்திற்கு வந்தன. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் கொழும்பு மேடையில் இணைந்து நடித்துப் புகழ்பெற்றவர்கள். ஆர்மோனியமும் ஓவியத் திரைகளும் வந்தன. வட்டக்களரி ஒருமுக மேடையாயிற்று. இம்மரபில் ஈழத்தவர் தம் முத்திரையைப் பதித்தவர் காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து (1924–1989). அவர் நடித்த அரிச்சந்திர மயான காண்டம் வடபகுதி மக்களின் நெஞ்சில் நீங்கா இடம்பெற்றது. முழு அரிச்சந்திரன் கதையையும் ஆடாது, மக்கள் உள்ளத்தை உருக்கும் மயானப் பகுதியை மட்டும் தனி நாடகமாக்கிய இம்முறை, தெரிந்த கதையிற் செறிந்த பகுதியைத் தெரிந்தெடுக்கும் பழைய வழக்கின் தொடர்ச்சியே.

அடுத்த படிகள் இசைத்தட்டும் பேசும்படமும். 1931ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்த காளிதாஸ் தமிழ் பேசிய முதற்படம். அதன் நாயகி டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். 1934இல் வெளிவந்த பவளக்கொடி ஏறக்குறைய ஐம்பது பாடல்களைக் கொண்டிருந்தது. படமாக்கப்பட்ட இசைநாடகமே அது எனலாம். பின்னர்ப் பாடல்களின் தொகை குறைந்து, ஒவ்வொரு பாடலும் தனியே பிரித்தெடுத்துக் காட்டத்தக்க சிறுகாட்சியாக உருப்பெற்றது. சென்னைத் தொலைக்காட்சியின் ‘ஒலியும் ஒளியும்’ நிகழ்ச்சி அத்தகைய பாடற்காட்சிகளைக் கோத்துத் தந்ததேயாகும். இலங்கையில் 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாகினியும் தொடங்கின. வடபகுதி மக்களோ உயர்ந்த அன்ரெனாக்களை நாட்டித் தமிழக ஒளிபரப்பையும் பார்த்தனர்.

இதற்கு முன்பே, 1960களிலும் 1970களிலும், ஈழத்தில் தமிழ்ப் பொப்பிசை தோன்றியிருந்தது. நித்தி கனகரத்தினம் பாடிய ‘சின்ன மாமியே’ இரு பாத்திரங்கள் உரையாடும் சிறு நாடகமாகவே அமைந்தது. ஏ. ஈ. மனோகரன் பாடலோடு ஆடலையும் மேடையில் இணைத்து மக்களைக் கவர்ந்தார். திரைப்படக் கதையைச் சாராது, ஒரு பாட்டே முழுக்கதையாய் நிற்கமுடியும் என்பதை இப்பாடல்கள் காட்டின. காட்சி மட்டுமே இன்னும் பதிவாகாதிருந்தது.

போர்க்காலம் இவ்வரலாற்றின் தனி அதிகாரம். 1990இன் பின் வன்னியின் பல பகுதிகளில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும், ஜெனரேற்றர் வைத்து ஊர்கூடிப் படம் பார்த்ததும் அக்காலத்து வழக்கங்கள். விடுதலைப் புலிகளின் நிதர்சனம் என்னும் பிரிவு ஒளிப்பதிவுகளை வெளியிட்டது. எழுச்சிப் பாடல்கள் ஒலிநாடாக்களாகவும் காட்சிகளாகவும் பரவின. 2000ஆம் ஆண்டு ஏப்பிரிலில் ஆனையிறவுப் படைத்தளம் அவ்வியக்கத்தின் கைப்பட்டபோது அந்நிகழ்ச்சியே பாடற்பொருளாயிற்று. மறுபக்கத்திற் படைவீரரைப் போற்றும் சிங்களப் பாடல்கள் தொலைக்காட்சியில் இடம்பெற்றன. 1991ஆம் ஆண்டுப் போரில் இங்கு இறந்த படைவீரர் காமினி குலரத்னவின் நினைவுச்சின்னம் இன்று ஆனையிறவுச் சாலையோரத்தில் நிற்கின்றது. ஒரே நிலத்தைப் பற்றி இரு மொழிகளில் இருவேறு வீரப்பாடல்கள் எழுந்தன. போரிடும் காலத்தில் பாட்டு எவ்வாறு படைக்கலமாகின்றது என்பதற்கு இருதிறத்துப் பாடல்களும் சான்றுகளாம். வரலாற்று மாணவன் அவற்றைப் போற்றுதலும் தூற்றுதலும் விடுத்து, அவை எவ்வழக்குகளைக் கையாண்டன, எவற்றைப் பாடாது விட்டன என்பதை ஆராய்தல் வேண்டும். பாடாது விடப்பட்டோர் பெரும்பாலும் ஊர்விட்டு ஊர் பெயர்ந்த குடிமக்களே.

காணொளிப் பாடல் அத்தகையோரைப் பாடவல்லதா என்னும் வினாவிற்கு 2021ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ விடைகூறுகின்றது. சந்தோஷ் நாராயணன் இசையில், தீ, அறிவு ஆகிய இருவரும் பாடிய இதற்குக் காட்சியமைத்தவர் அமித் கிருஷ்ணன். அறிவின் பாட்டியாராகிய வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். பின்னர்த் தமிழகத்திற்குத் திரும்ப நேர்ந்தவர். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 மலையகத் தமிழரை இந்தியாவிற்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. கணக்கேட்டில் எண்ணாக நின்ற அம்மக்களில் ஒரு மூதாட்டி இக்காணொளியில் முகத்தோடு தோன்றுகின்றார். வேலப்பணிக்கன் ஒப்பாரி யானைக் கணக்கிற்கு எதிரே நின்றதை இது நினைவூட்டுகின்றது.

பாடலின் அமைப்பும் அவ்வாறே. ஒப்பாரியின் சாயல் இதில் வெளிப்படையாக உள்ளது. முன்னோரை விளித்தல், வரிசைமுறையை விட்டு நினைவின் வழிச் செல்லுதல், வேண்டுமிடத்து ஆட்டத்தாளத்திற்கு மாறுதல் ஆகிய யாவும் பழைய வழக்குகளே. வன்னிக்கும் இக்கதை அயலதன்று. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இனக்கலவரங்களுக்குப் பின்னர் மலையகத் தமிழர் பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் குடியேறினர். காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் மலையகத் தோட்டங்களில் அம்மக்கள் பேணிய கூத்துகள். அவற்றைப் புறக்கணித்து வன்னிக் கலைவரலாற்றை முழுமையாக எழுதல் இயலாது.

ஆயினும் இப்பாடலைத் தொடர்ந்து எழுந்த ஒரு பிணக்கு ஆழ்ந்து சிந்திக்கற்பாலது. இதன் ஆக்கத்தில் எவர்க்கு எவ்வளவு பங்கு, எவர் பெயர் முன்னிற்க வேண்டும் என்பது பற்றி 2021இலும் 2022இலும் பொதுவெளியிற் கருத்துமாறுபாடு தோன்றிற்று. இவ்வினாக் கூத்து மரபில் இவ்வடிவில் எழுந்ததில்லை. கூத்துப் பாட்டு ஊருக்குரியது. ஏடு அண்ணாவியார் வீட்டில் இருப்பினும் ஆட்டம் கோயிலுக்கும் ஊருக்கும் உரியது. ஊர்ப்பொதுவாயிருந்த பாட்டு விற்பனைப் பொருளானதும் உரிமை வினா தானே எழுகின்றது. பொதுமையிலும் குறையொன்று உண்டு என்பதை மறைத்தல் கூடாது. ஊர்ப்பொது எனும் போர்வையில் அண்ணாவிமார் பலரின் பெயர் மறைந்தொழிந்தது. பறையும் கூத்தும் அறிந்தோர் சாதியின் பெயரால் உரிய மதிப்பு அடையாததும் உண்டு.

மற்றொரு மாற்றம் காலச் சுருக்கம். விடியவிடிய ஆடிய கூத்து நான்கு நிமிடத்துள் அடங்குமோ என்று வினவுவோர் உளர். சுருக்குதல் தானே அழிவன்று என்பதற்கு ஈழத்திலேயே சான்று உண்டு. 1956இல் எதிரிவீர சரச்சந்திர அரங்கேற்றிய மனமே, தமிழ்க் கூத்துக்குக் கடப்பாடுடைய நாடகம் எனும் சிங்கள வடிவத்தை அடியொற்றியது. நாடகக் கலைஞர் சார்லஸ் சில்வா குணசிங்க குருநான்சே அதற்குத் துணைநின்றார். அதனைத் தொடர்ந்து பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் முதலிய மட்டக்களப்புக் கூத்துகளை 1960களில் மேடையேற்றினார். இரவு முழுதும் ஆடுவது சிறிது நேர அளவிற்குச் சுருங்கிற்று. ஆட்டமும் மெட்டும் கெடவில்லை. ஏனெனில் அங்கே அண்ணாவியார் உடனிருந்தார்; மாணவர் அவரிடம் அடிபிடித்துப் பயின்றனர்; இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னர் அக்கலையையே தம் ஆய்வுத்துறையாகக் கொண்டார். ஆகவே சுருக்கத்தின் நன்மை தீமை நேர அளவில் இல்லை. பயிற்சி தொடர்கின்றதா என்பதிலேயே உள்ளது.

இதனை வன்னிக்குப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிமக்கள் ஊரூராக இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால்வரை சென்றனர். உயிரையே காக்க இயலாத அந்நாளில் கூத்துக் கொப்பியையும் மத்தளத்தையும் காப்பது எளிதாக இருந்திராது. ஏட்டில் உள்ளது அழியினும் நெஞ்சில் உள்ளது எஞ்சும். நெஞ்சில் உள்ளதோ அவ்வுயிரோடு போகும். கூத்து மீண்டும் ஆடப்படுகின்றது, வற்றாப்பளையில் விளக்கு மீண்டும் எரிகின்றது என்பன மகிழ்ச்சிக்குரியன. ஆனால் பாட்டறிந்த முதியோரின் தொகை ஆண்டுதோறும் குறைகின்றது.

எனவே காணொளியைக் கூத்தின் பகையாகக் கருதி ஒதுக்குதல் அறிவுடைமையன்று. கையடக்கக் கமரா இன்று மாணவர் கையிலேயே உள்ளது. அதனாற் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, கோவலன் கூத்தையும் காத்தவராயன் கூத்தையும் அவை ஆடப்படும் ஊரிலேயே, காப்பு முதல் மங்களம்வரை, வெட்டாது பதிவு செய்தல். இரண்டாவது, பாடியவர், ஆடியவர், மத்தளம் அடித்தவர், பயிற்றிய அண்ணாவியார் ஆகியோர் பெயர்களையும் அவர் எவரிடம் பயின்றார் என்பதையும் பதிவின் உறுப்பாகவே சேர்த்தல்; அவ்வாறு செய்யின் பிற்காலத்து உரிமைப் பிணக்குகளும் குறையும். மூன்றாவது, பார்த்தலோடு நில்லாது மாணவர் தாமே களரியில் இறங்கி ஆடிப் பழகுதல். முதலிரண்டும் கருவி உள்ளோர் எவரும் செய்யலாம். மூன்றாவது ஆசிரியரும் அண்ணாவியாரும் ஒருங்கு நின்றாலன்றிக் கைகூடாது. பாட்டறிந்தோர் சிலரேனும் எஞ்சியுள்ள இக்காலத்திலேயே அதனைத் தொடங்குதல் கல்லூரிகளின் கடனாகும்.